கல்யாணச் சமையலைத் திட்டமிடும் ஏஐ ஏஜென்டுக்கு நியாயத்தை எங்கே எழுதி வைப்பது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். ஆள், சரக்கு, வண்டி மூன்றையும் பிரித்து அனுப்ப ஒரு ஏஐ ஏஜென்டைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். செலவைக் குறைக்கச் சொன்னால் வேலையாட்களைச் சக்கையாகப் பிழிகிற மாதிரி திட்டம் போட்டுத் தருகிறது. ‘நியாயமாக நடந்துகொள்’ என்று ப்ராம்ப்டில் ஒரு வரி சேர்த்தால் போதுமா? இல்லை, இதற்கென்று தனி முறை உண்டா?

பதில்:

போதாது. அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நியாயத்தைத் திட்டம் போடும் நிரலுக்குள் எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. பலரும் அதைச் செலவுக் கணக்கில் கொண்டுபோய் வைக்கிறார்கள். உங்கள் ஏஜென்டும் அப்படித்தான் அமைந்திருக்கும் என்று கேள்வியைப் படித்ததுமே தோன்றியது.

முதலில் இந்த நிரல் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானியங்கித் திட்டமிடலுக்கு அடித்தளம் 1971-இல் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் வெளியிட்ட ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடும் நிரல். ஷேக்கி என்ற ரோபோ அறைக்கு அறை போய்ப் பெட்டி தள்ளுவதற்காக உருவானது. இப்போது நிலைமை என்ன, எந்த நிலைமைக்கு வந்து சேர வேண்டும், கைவசம் என்னென்ன செயல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் என்ன இருந்தாக வேண்டும், செய்த பின் என்ன மாறும். இவ்வளவுதான் அதற்குக் கொடுப்பது. 1998-இல் திட்டமிடல் போட்டி ஒன்றுக்காக ட்ரூ மெக்டெர்மாட் முதலானோர் அமைத்த பிடிடிஎல் என்ற மொழி இதை எல்லோரும் ஒரே மாதிரி எழுத வழி செய்தது. இங்கிருந்து அங்கே கொண்டு சேர்க்கும் செயல் வரிசையை நிரல் தேடிப் பிடிக்கும். நீங்கள் எழுதிக் கொடுக்காத எதுவும் அதன் உலகத்தில் கிடையாது. தூக்கம் என்று ஒன்றை எழுதவில்லை என்றால் அங்கே யாருக்கும் தூக்கம் வராது.

உங்கள் தொழிலிலேயே வைத்துப் பார்ப்போம். வைகாசி முகூர்த்தம். முதல் நாள் இரவு தேவகோட்டையில் விருந்து. மறுநாள் காலை 7 மணிக்குக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் பலகாரப் பந்தி: வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம், கவுனி அரிசி. உங்களிடம் இருப்பது 12 பேர். ‘செலவைக் குறை’ என்று சொன்னால் வருகிற திட்டம் இப்படி இருக்கும்: அதே 12 பேர் இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பந்தியை எடுத்து, அண்டா குண்டா கழுவி, ஒரு மணிக்குக் குட்டியானையில் ஏறி, இரண்டு மணிக்குக் கானாடுகாத்தானில் அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துப் பாருங்கள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. பந்தி எடுப்பது தப்பா, வண்டி ஏறுவது தப்பா? கடைசி நிலைமையும் பிரமாதம்: இரண்டு வீட்டிலும் நேரத்துக்கு இலை போட்டாயிற்று. தப்பு முழுக்க வரிசையில் இருக்கிறது. தனிச் செயலையோ முடிவையோ மட்டும் பார்க்கிற எந்தச் சோதனையிலும் இது சிக்காது.

அதனால்தான் 2006 போட்டிக்கு வந்த பிடிடிஎல்-இன் மூன்றாம் பதிப்பில் அல்ஃபோன்சோ ஜெரெவினியும் டெரெக் லாங்கும் பாதை முழுவதையும் பற்றிப் பேசும் நிபந்தனைகளைச் சேர்த்தார்கள்: ‘எப்போதும் இப்படி இருக்க வேண்டும்’, ‘ஒரு தடவையாவது நடக்க வேண்டும்’, ‘இதற்கு முன்னால் அது நடந்திருக்க வேண்டும்’. அமிர் ப்னூலி 1977-இல் கணினி நிரல்களைச் சரிபார்க்கக் கொண்டுவந்த காலத் தருக்கம், அதாவது எது எப்போது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதும் முறை, அதுதான் இதன் வேர். உங்கள் விஷயத்தில் ‘எந்த ஆளுக்கும் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் 8 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும்’ என்பது இந்த வகை.

எல்லா விதிக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டியதில்லை. மளிகைக்காரரிடம் பேரம் பேசும்போது ‘பக்கத்துக் கடையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறார்கள்’ என்று இல்லாததைச் சொல்லக் கூடாது என்றால், கையில் இல்லாத விலைப்பட்டியலைக் காட்டிப் பேசும் செயலையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எண்ணெய் விஷயம் நிலைமை பற்றியது: பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. ‘அந்த அளவைத் தாண்டிய எண்ணெய் எந்த நேரத்திலும் சட்டியில் இருக்கக் கூடாது’ என்று எழுதினால் முடிந்தது. தலைவலி கொடுப்பவை பாதை பற்றிய விதிகள்தாம்.

இப்போது செலவுக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். அதே மூன்றாம் பதிப்பில்தான் ‘விருப்பங்கள்’ என்ற இன்னொரு வசதியும் வந்தது. மீறலாம், மீறினால் இவ்வளவு அபராதம். பெரும்பாலானோர் நியாயத்தை இதில்தான் எழுதுகிறார்கள், ஏனென்றால் இப்படி எழுதினால் நிரல் எப்போதும் ஏதாவது ஒரு திட்டத்தைத் தந்துவிடும். முடியாது என்று கை விரிக்காது. ஓய்வு கெட்டால் தலைக்கு 500 ரூபாய் என்று வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்கு 6,000. வெளியிலிருந்து இன்னொரு செட் ஆட்களைக் கூப்பிட 18,000 ஆகும் என்றால், நிரல் சந்தோஷமாக 6,000-ஐக் கட்டிவிடும். அதுவும் காகிதத்தில்தான். உண்மையில் யாருக்கும் ஒரு பைசா போகாது. சரி, தலைக்கு 3,000 என்று ஏற்றினீர்கள். 36,000. இப்போது சாதாரண நாட்களில் நிரல் ஒழுங்காக வெளியாட்களைக் கூப்பிடும், நீங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். பிறகு ஒரே முகூர்த்தத்தில் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் என்று எல்லா ஊரிலும் கல்யாணம் விழுகிற நாள் வரும். அன்றைக்கு அந்த செட் 45,000 கேட்கும். நிரல் உடனே பழைய 12 பேரையே வண்டியில் ஏற்றும். ஆட்கள் ஒரு வாரமாகத் தொடர்ந்து உழைத்துத் துவண்டு கிடக்கிற சீசன் உச்சத்தில்தான் உங்கள் நியாயம் காணாமல் போகும். அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும் அதைத் தாண்டுகிற ஒரு நாள் இருக்கத்தான் செய்யும்.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிது. ‘கூடுதல் பணம் கொடுத்தால் இதை விட்டுக்கொடுப்பேனா?’ ஆம் என்றால் விருப்பமாக எழுதலாம். புதுவயல் மில் அரிசியே வேண்டும், மாஸ்டரோடு அவருக்குப் பழகிய கையாளே போக வேண்டும் என்பதெல்லாம் அப்படி. இல்லை என்றால் அது கடுமையான தடை. அதற்கு ரூபாய் மதிப்பே போடக் கூடாது.

தடையாக எழுதுவதால் ஆகும் செலவைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. 2021-இல் ஜஸ்டின் ஸ்வெக்லியாட்டோ, சமீர் நாஷெட், ஷ்லோமோ ஜில்பர்ஸ்டீன் மூவரும் வேலைக்கான இலக்கையும் அறத்துக்கான விதியையும் தனித்தனியாக வைத்து, விதி இல்லாத சிறந்த திட்டத்துக்கும் விதிக்கு உட்பட்ட சிறந்த திட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை அளக்கலாம் என்று காட்டினார்கள். உங்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். அந்த வித்தியாசம் 18,000 என்றால், 600 இலை பந்திக்கு இலைக்கு 30 ரூபாய். ரேட் பேசும்போதே சேர்த்துவிடுங்கள்.

தடையாக எழுதியதும் நிம்மதி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். திட்டமிடும் நிரலுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அது ஓட்டையைத் தேடுவதில் மகா கெட்டிக்காரன், ஏனென்றால் எல்லா வழியையும் அலசிப் பார்ப்பதுதான் அதன் வேலை. உங்கள் ஓய்வு விதி எதை வைத்து ‘வேலை முடிந்தது’ என்று முடிவு செய்கிறது? வருகைப் பதிவேட்டை வைத்து என்றால் இதைக் கவனியுங்கள்: ‘பதிவை மூடு’ என்பதும் ஏஜென்டின் கையில் உள்ள ஒரு செயல், அதன் விளைவு ‘வேலை முடிந்தது’. அடுத்த தடவை வருகிற திட்டத்தில் முதல் வரியே இரவு 9 மணிக்கு எல்லோருடைய பதிவையும் மூடுவதாக இருக்கும். பதிவேட்டின்படி எல்லோரும் வீட்டில். நிஜத்தில் இரவு ஒரு மணிக்கு அண்டாவின் மேல் சாய்ந்துகொண்டு வண்டிக்குக் காத்திருப்பார்கள். பதிவை மூடும் அதிகாரத்தை ஏஜென்டிடமிருந்து எடுத்து, அந்தந்த ஆளின் கையிலேயே கொடுங்கள். விதி எதை அளவாகக் கொள்கிறதோ அதை மாற்றும் உரிமை, விதிக்குக் கட்டுப்பட வேண்டியவனிடம் இருக்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை இதைவிட மோசம், கண்ணுக்கும் தெரியாது. பாத்திரம் கழுவ வருகிற பெண்களை நீங்கள் ஓர் ஏஜென்ட் மூலம் (மனித ஏஜென்டைச் சொல்கிறேன்) மொத்தமாகப் பேசி அழைத்து வருவீர்கள். கணக்கில் அவர்கள் பெயராக இருக்கமாட்டார்கள். ‘கழுவும் வேலை, ஒரு பந்திக்கு இவ்வளவு’ என்று ஒரு சரக்கு மாதிரி இருப்பார்கள். உங்கள் விதியோ ‘ஆட்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும்’ என்று தொடங்குகிறது. அந்த 12 பேருக்கு ஓய்வு கட்டாயம் என்று ஆனதும் நிரல் என்ன செய்யும்? நள்ளிரவு வேலை அத்தனையையும் பட்டியலில் இல்லாதவர்கள் தலையில் தள்ளும். நிரலுக்கு எழுதிக் கொடுத்த விவரத்தில் யார் மனிதர், யார் செலவினம் என்று பிரித்தது நிரல் அல்ல, நீங்கள். இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகள் விதியை எப்படி எழுதுவது என்பதில் செலவிடும் பக்கங்களில் கால்வாசியாவது இதற்கு ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் மனக்குறை. விதி எழுதும்போது மாஸ்டரிடம் மட்டும் கேட்காதீர்கள், கழுவுகிற அக்காமார்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுக்குப் போக எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

வழியில் திட்டம் மாறும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். வண்டி பஞ்சராகிறது, ஏஜென்ட் அந்த இடத்திலிருந்து புதிதாகத் திட்டம் போடுகிறது. ‘இப்போதைய நிலைமை’ என்று அது எடுத்துக்கொள்வதில் யார் எங்கே இருக்கிறார்கள், சரக்கு எவ்வளவு என்பது இருக்கும். இதுவரை யார் எத்தனை மணி நேரம் நின்று வேலை பார்த்தார்கள் என்பது இல்லாவிட்டால், கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு பஞ்சரும் எல்லோருக்கும் புதுத் தெம்பு தந்துவிடும். பாதை விதிகளை நிரல்கள் உள்ளுக்குள் சின்னச் சின்ன நினைவுக் குறிப்புகளாக மாற்றித்தான் கையாளுகின்றன. மறுதிட்டமிடலின்போது அந்தக் குறிப்புகளும் கூடவே வர வேண்டும். உங்களுக்கு மென்பொருள் செய்து தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சராசரியிலும் ஏமாறாதீர்கள். நிச்சயமில்லாத சூழலுக்கு, எதிர்பார்ப்புச் சராசரி ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தும் மாதிரிகள் உண்டு. ஐட்டன் ஆல்ட்மனின் 1999 நூல் அதற்கு முறையான கணிதம் தந்தது. மின்சாரச் செலவுக்கு அது அருமை. ‘சராசரி 7 மணி நேர ஓய்வு’ என்பதற்கு அது உதவாது. ஒருவர் பத்து மணி நேரமும் இன்னொருவர் நாலு மணி நேரமும் தூங்கினாலும் சராசரி ஏழுதான்.

பொருள்களைப் பற்றிய விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1994-இல் டேனியல் வெல்டும் ஓரன் எட்சியோனியும் கணினிக் கோப்புகளைக் கையாளும் நிரல்களுக்காக இரண்டு வகைக் கட்டுப்பாடுகளை முன்வைத்தார்கள். ஒன்று, தொடவே கூடாது. மற்றது, தொடலாம், ஆனால் வேலை முடியும்போது பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் இந்த இரண்டும் அப்படியே பொருந்தும். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி உள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது. பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை அந்த வீட்டு ஆச்சி எடுத்துக் கொடுத்தால் புழங்கலாம், ஆனால் எந்த அறையிலிருந்து வந்ததோ அந்த அறைக்கே போக வேண்டும். பூட்டியிருக்கும் அறை, பூட்டியிருக்கும் அறைதான். பொருள்களுக்குத் ‘திருப்பி வை’ சரியாக வேலை செய்கிறது. மனிதர்களுக்குச் செய்யாது. இன்றைக்குக் கெடுத்த தூக்கத்தை அடுத்த வாரம் விடுமுறை கொடுத்துத் திருப்பி வைத்ததாக நிரல் கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னும் நுட்பமான ஒன்று: தீங்கு வழியில் நேர்வதும், தீங்கையே வழியாகப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. பெரிய கல்யாணத்துக்கு ஆள் போதாமல், ஏஜென்ட் ஒரு சின்னக் குடும்பத்தின் காதுகுத்து ஆர்டரை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்கிறது. அந்தக் குடும்பம் கைவிடப்படுவதால்தான் உங்களுக்கு ஆள் கிடைக்கிறது. ஃபெலிக்ஸ் லிண்ட்னர், ராபர்ட் மாட்முல்லர், பெர்ன்ஹார்ட் நெபல் மூவரும் 2019-இல் இப்படிப்பட்ட திட்டங்களை வெவ்வேறு அறக் கொள்கைகளின்படி சரிபார்க்கும் முறைகளைக் கொடுத்தார்கள். அதன் சாரத்தை வீட்டுப் பேச்சில் சொன்னால்: அந்தத் தீங்கு மட்டும் நடக்காமல் போயிருந்தாலும் இந்தத் திட்டம் இலக்கை எட்டியிருக்குமா? எட்டாது என்றால் தீங்கே இங்கே கருவி. முழு ஆட்டத்தையும் ஏஜென்டுக்கு விளக்க முடியாவிட்டாலும், ‘ஒப்புக்கொண்ட ஆர்டரை ரத்து செய்’ என்ற செயலை அதன் கைக்கு எட்டாமல் வைக்கலாம். உங்கள் இடத்தில் நான் அதைத்தான் செய்வேன்.

உங்கள் ஏஜென்ட் சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரியை வைத்து ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். அதற்கு ப்ராம்ப்டில் எழுதிய வரி, பத்துத் தடவை மதிக்கப்பட்டு பதினோராவது தடவை மறக்கப்படலாம். இங்கே நல்ல சேதி ஒன்று உண்டு. திட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். டாம் பைலாண்டர் 1994-இல் ஸ்ட்ரிப்ஸ் வகைத் திட்டமிடலே பொதுவாக எவ்வளவு கடினமான கணக்கு என்று நிறுவினார். ஆனால் கையில் கொடுத்த திட்டத்தை விதிப்படி சரிபார்ப்பது, வரி வரியாக ஒரு தடவை ஓடிப் பார்க்கிற வேலை. சுப்பாராவ் கம்பம்பாட்டியும் அவருடைய குழுவினரும் 2024-இல் வலியுறுத்தியதும் இந்தப் பிரிவினையைத்தான்: மொழி மாதிரி யோசனை சொல்லட்டும், தனியாக நிற்கும் சரிபார்ப்பு நிரல் ஒப்புக்கொண்டால் மட்டும் திட்டம் வெளியே போகட்டும். ஓய்வு நேரம், எண்ணெய், ரத்து செய்யாமை, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆள் பட்டியலில் இல்லாமை ஆகிய நாலைந்து விதிகளுக்கான சரிபார்ப்பை, அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். மொழி மாதிரி அதைத் திருத்த முடியாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, கடுமையான தடைகள் வைத்தால் சில நாள் ‘திட்டம் இல்லை’ என்ற பதில் வரும். இதற்குப் பயந்துதான் எல்லோரும் அபராதத்துக்கு ஓடுகிறார்கள். லூயிஸ் டென்னிஸ், மைக்கேல் ஃபிஷர் முதலானோர் 2016-இல் ஆளில்லா விமானத்தை உதாரணமாக வைத்து வேறு வழி காட்டினார்கள்: தீங்குகளை வரிசைப்படுத்தி, எல்லாத் திட்டமும் எதையாவது மீறுகிறது என்றால் குறைந்த கேடு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது. வானத்தில் இன்ஜின் நின்ற விமானம் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அங்கே அது சரி. சமையல் காண்ட்ராக்டில் உங்கள் போன் எப்போதும் பக்கத்தில்தானே இருக்கிறது? ஏஜென்ட் நின்று, உங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது வெறுமனே ‘முடியவில்லை’ என்றால் நீங்கள் எரிச்சலில் விதியைத் தளர்த்திவிடுவீர்கள். ‘12 பேர், காலை 7 மணிப் பந்தி, 8 மணி நேர ஓய்வு மூன்றும் சேர்ந்து நடக்காது’ என்று மோதுகிறவற்றை மட்டும் பொறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றக்கூடியவை என்று அது முன்வைக்கும் பட்டியலில் ஆள் எண்ணிக்கையும் பந்தி நேரமும் இருக்கலாம், ஓய்வு இருக்கக் கூடாது.

இதை முதல் நாள் இரவில் ஓட்டாதீர்கள். அப்போது ‘திட்டம் இல்லை’ என்று வந்தால் உங்களுக்கும் வேறு வழி இருக்காது, விதியில்தான் கைவைப்பீர்கள். ஆர்டர் பேசி அட்வான்ஸ் கைக்கு வருமுன்பே தேதியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கானாடுகாத்தான் வீட்டாரிடம் ‘அன்றைக்கு எங்களுக்குத் தோதுப்படாது, வேறு ஆளைப் பாருங்கள்’ என்று சொல்ல உங்களுக்கும் முகம் இருக்கும், வேறு மாஸ்டரைப் பிடிக்க அவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.